மருதாயியின் சாயத்தண்ணி

பூனாகலையிலிருந்து மருதாயியின் புருஷன் முத்தையா தலையில் ஒரு மூட்டையோடு வந்து என் கடை வாசலில் நின்றபோது பண்டாரவளையில் மழை விட்டிருக்கவில்லை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. எப்போதும்போல அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுத்தான் பேசினார். "மருதாயி போயிட்டா நானா. காய்ச்சல்ல மூணு நாள்தான் கெடந்தா" என்றார். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது. அந்த மூட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மருதாயியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் நிறம் போட்ட ஒட்டுப்போர்வைகள் உங்களில் சிலர் வீட்டில் இருக்கும். அவற்றை இந்தத் தையல்காரன் ஒருவனே செய்தான் என்று நம்பிக்கொண்டும் இருப்பீர்கள். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானியின் கட்டிலுக்கு விரிப்புத் தைக்க வாங்கிய வெள்ளை மல்துணியோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வழியில் நல்ல மழை. தொழிலாளர் வரிசைவீடுகளில், முத்தையாவின் லயத்தில் ஒதுங்கி, மழை விட்டதும் துணிக்கட்டை அடுப்போரம் வைத்துவிட்டு, "தங்கச்சி, சாயத்தண்ணி போடுங்க, பெரட்டுக்களம் வரைக்கும் போய்ட்டு வாறேன்" என்றேன். காலையில் தொழிலாளருக்குப் பேர் கூப்பிடுகிற இடம் அது. எங்கள் மலைப்பக்கத்தில் பாலில்லாத தேத்தண்ணிக்குச் சாயத்தண்ணி என்றுதான் பெயர். மருதாயி தேயிலைத் தூளைக் காய்ச்சி லயத்துச் சேலைகளுக்கு நிறம் போடுகிறவர் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தால் என் வெள்ளைத் துணி முழுவதும் பானைக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது!

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் அகப்பைக் காம்பை விடாமல் கிண்டிக்கொண்டே கேட்டார்: "குடிக்கிற சாயமா, துணிக்குப் போடுற சாயமான்னு சொல்ல வேணாமா நானா?" பிறகு அவரே வழியும் சொன்னார். பாதித் துணியை எடுத்து, துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் முக்கினார். அது மேகக் கறுப்பாயிற்று. பலாக்கட்டைச் சீவல் வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் மஞ்சளாயிற்று. துண்டுதுண்டாக வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு போய்ப் பயந்து பயந்து கொடுத்தேன். துரைசானி இதைப் போல இன்னும் இரண்டு வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து சாயம் அவருடையது, தையல் என்னுடையது. ஒரே சமயத்தில் நாலு போர்வைக்குக் குறையாமல் வேலை நடக்கும். ஒரு பானை நிறம் ஒரு போர்வைக்கு மட்டும் போனால் வீண் என்பார். அந்த ஒற்றை அறையில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கும். கீழே முத்தையா படுத்திருப்பார். "எல்லார் வீட்டுலயும் மழை வெளிய பெய்யும் நானா, என் வீட்டுல உள்ளதான் பெய்யுது" என்று என்னிடம் முறையிடுவார். மருதாயி காதிலேயே வாங்கமாட்டார்.

எனக்கோ எதிலும் அவசரம். நிறம் வந்துவிட்டது, தாருங்கள் என்று நிற்பேன். பனிமூட்டத்தில் பார்த்த நிறத்தை நம்பவே கூடாது என்பார் அவர். வெயில் வரும்வரை துணியைத் தரமாட்டார். ஒரு முறை எட்டு நாள் வெயிலே வரவில்லை. எட்டு நாளும் நான் முணுமுணுத்தேன். ஒன்பதாம் நாள் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இரண்டு துண்டுகளை மறுபடி பானையில் போட்டுவிட்டார்.

இனி என் வெட்கத்தைச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்துக்கு முன் இரண்டு பேருமாகப் பங்களாவுக்குப் போர்வை கொண்டுபோனோம். மருதாயி சமையலறைப் பக்கம், குசினிப் படியோரம் நின்றார். துரைசானி போர்வையைத் தடவிப் பார்த்து, இந்த நிறமெல்லாம் யார் போட்டது என்று கேட்டார். புகழ்ச்சி கேட்ட நாக்கு முந்திக்கொண்டது. "எல்லாம் என் கைவேலைதான் தொரசானி" என்றேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மருதாயி சண்டை போடவில்லை. லயத்துக்குத் திரும்பியதும், "அடுத்த துணி எப்ப வரும், தையல்காரரே?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஐந்து மாதம் நான் தையல்காரர்தான். வேலையில் ஒரு குறை கிடையாது. நான் போனால் குடிக்கச் சாயத்தண்ணியும் வரும். நானா என்ற சொல் மட்டும் வராது. மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு போவேன். முத்தையா இருக்கிறார், மழை வருகிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று திரும்பிவிடுவேன். அடுத்த தடவை இல்லாமலே போய்விட்டது.

மூட்டையில் நாலு போர்வைகள் இருந்தன. நிறம் போட்டு, துண்டுகளைக் கையாலேயே இணைத்திருந்தார். கரை மட்டும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் கரைக்கென்று தேயிலை நிறத்தில் ஒரு நீளத்துணி மடித்து வைத்திருந்தது, எங்கள் முதல் சண்டையின் நிறம். முத்தையா சொன்னார்: "காய்ச்சல்லயும் இதேதான் பேச்சு. கரைய நானா அடிக்கட்டும், அவருதான் கோணாம அடிப்பாருன்னா."

"நானான்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேற எப்படிச் சொல்லுவா?" என்றார்.

அவர் முன்னாலேயே அழுதேன்.

நாலுக்கும் கரை அடித்துவிட்டேன், கோணவில்லை. பங்களாவுக்குக் கொண்டுபோய், நிறமெல்லாம் மருதாயி போட்டது, அன்று நான் சொன்னது பொய் என்று துரைசானியிடம் சொன்னேன். இங்கே உங்களிடமும் சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு அவருடைய சாவு வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

சந்தைக்கு வருகிற எல்லாரும் என்னை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது தையல்கடைக்காரனுக்கு ஊர் வைத்த பெயர். மருதாயி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுத்த நானா ஒன்று இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.