ஞாயித்துக்கிழமை கொடியசைச்ச தலைவர்

இன்னைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சு மீன்பிடித் துறைமுகம் வழியா வந்தா, பந்தலும் மைக்குமா ஒரே கூட்டம். புதுசா ஜெயிச்ச எங்க தலைவர் கையில கொடியோட நிக்காரு. படகுகள் கடலுக்குப் போறதைத் துவக்கி வைக்கப் போறாராம்!

ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஒரு படகும் போகாது. எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும்.

படகுக்கார சேவியர் அண்ணன் பணிவாத்தான் சொன்னாரு. "அண்ணாச்சி, இன்னைக்கு லீவு. நாளைக்கு விடியக்காலம் வாங்க, எல்லாப் படகும் போகும்."

தலைவருக்கு மூஞ்சி சுருங்கிட்டு. "நானே வந்திருக்கேன், எனக்காக ஒரு படகு போகாதா?"

"ஆண்டவரே வந்தாலும் போகாது அண்ணாச்சி. லீவே அவருக்காகத்தான்."

போட்டோகிராபர் காத்து நிக்காரு. வேற வழியில்லாம, கட்டிக்கிடந்த படகைப் பார்த்தே தலைவர் கொடியசைச்சாரு. படகு அசையல. அதுமேல உட்காந்திருந்த காக்கா மட்டும் கடலைப் பார்த்துப் பறந்துச்சு.

கரையில நின்ன அத்தனை பேரும் விசிலடிச்சுக் கை தட்டினோம். எல்லாம் தனக்குன்னு நினைச்சு தலைவர் கும்பிடுதாரு!

கடல் கரையை அரிக்குதுன்னு நாங்க குடுத்த மனு இவர்கிட்டதான் கிடக்கு. பேசாம அந்தக் காக்காகிட்ட குடுத்திருக்கலாமோ, என்ன சொல்லுதீங்க? அதுவாவது உடனே கிளம்புச்சு.