நாற்பதில் ஒரு சிறு மேடு

புதூர்நாட்டில் அவள் வீட்டு வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், ஜீப்பில் வந்து இறங்கிய என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். "இன்னும் யாருக்கும் காட்டலீங்க அக்கா. நீங்க பாருங்க."

ஆய்வகத்தில் அவள் எனக்கு மூன்று வருடம் இளையவள். நான் அடிவாரத்து ஆலங்காயம், அவள் மலைமேல் புதூர்நாடு. அந்த ஊர்ப் பாசத்தில்தான் அக்கா என்பாள். இருவருக்கும் ஒரே வேலை. விண்வெளித் தூசியில் பனியாக ஒட்டியிருக்கும் மெதனால் போன்ற சிறு மூலக்கூறுகளை, விண்மீன்களின் எக்ஸ் கதிர் எப்படி உடைக்கிறது என்று பார்ப்பது. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் அதே பனியை உறையவைத்து, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, தெறிக்கும் துண்டுகளை எடை போட்டு, எந்த எடையில் எவ்வளவு என்று வரைபடம் எடுப்போம். ஐந்து வருடமாக எனக்கு வாய்க்காத தெளிவான வரைபடம் அவளுக்கு ஆறே மாதத்தில் வாய்த்தது. எனக்கிருந்தது கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. அவள் சிரித்தாலே வயிறு எரியும்.

திரையில் இருபத்தெட்டாம் எடையில் கார்பன் மோனாக்சைடு கோபுரமாக நின்றது. மெதனால் உடைந்ததற்கு அதுதான் சாட்சி என்று பூரித்தாள். என் கண் நாற்பதில் போய் நின்றது. அங்கே ஒரு சிறு மேடு. மெதனாலின் எடையே முப்பத்திரண்டு. உடைந்த துண்டு முழுசைவிடக் கனக்குமா? அது ஆர்கான், வெளிக்காற்றில் இருப்பது. கலம் எங்கோ கசிகிறது. அப்படியானால் அவளுடைய கோபுரத்தில் பெரும்பங்கு காற்றின் நைட்ரஜன். அதற்கும் எடை இருபத்தெட்டுதான்.

அடுத்த வாரம் கருத்தரங்கில் அவள் பேச வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அம்மா போட்ட சாமைச் சோற்றைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் வந்துக்குது" என்றேன்.

கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, நாற்பதில் இருப்பது என்ன என்று கேட்டார். அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினேன். எனக்கு உள்ளம் குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கசிவை அடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, ஜெயித்தாள். நான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் மாணவிகள் அவளுடைய கட்டுரையைத்தான் படிக்கிறார்கள். இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

கருத்தரங்கு முடிந்த அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "அந்த மேட்ட நானும் பாத்தேங்க. அது இன்னான்னு கேக்கத்தான் உங்கள வூட்டுக்குக் கூப்ட்டேன். அக்காவே ஒண்ணும் சொல்லலியேன்னு வுட்டுட்டேன்."