அரிச்சுவடியைக் கண்டேன்

1. பஸ்ஸிலிருந்து இறங்கிய கதை

தனியார் துப்பறிவாளர் ஆகப்போகிறேன் என்று சின்ன வயதிலேயே சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. மாத்தளையில் எங்கள் ஆபீசை நடத்திய இஸ்மத் நானா, அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வாகனங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர். நான் பதினெட்டு வருஷம் மாத்தளை - நாவுல பஸ்ஸில் கண்டக்டர்.

ஒருநாள் நானா என் பஸ்ஸில் ஏறி, விபத்துக்கு நஷ்டஈடு கேட்டிருந்த ஒருவரின் போட்டோவைக் காட்டி, "இவர தெரியுமா?" என்று கேட்டார்.

"பலாபத்வலயில ஏறுவாரு. முதுகு அடிபட்டிருச்சுன்னு சொல்லி சீட்டு கேப்பாரு. ஆனா இறங்கும்போது அரிசி மூட்டைய அவரேதான் தூக்கிட்டுப் போவாரு" என்றேன்.

நானா டிக்கட் வாங்குவதையும் மறந்து என்னையே பார்த்தார். "நீங்க பஸ்ஸில ஈக்க வேண்டிய ஆளில்ல பழனிவேல்" என்றார். 'இருக்க' என்பது நானா வாயில் 'ஈக்க' ஆகிவிடும். அடுத்த மாதம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கு ஆள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். வேறு எங்கோ பழகிய கண், இங்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அந்த ரோட்டில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்றாலும் யாராவது வந்து விசாரிப்பார்கள். துப்பறிகிறவனுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறென்ன வேண்டும்?

2. எழுத்தில் எதுவும் தராத மாப்பிள்ளை

நான் தனியாகப் பார்த்த முதல் கேஸ், ஒரு தமிழ் டீச்சருடையது. பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை, வீட்டுக்குத் தெரியாமல் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பரிசம் போடுறாங்க. மாப்பிள்ளை பிரதீப் சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல இருக்காரு. நல்லாத்தான் பேசுறாரு. ஆனா நான் எவ்வளவு எழுதி அனுப்பினாலும் பதில் எழுத மாட்டேங்கிறாரு. மூணு மணி நேரம் கழிச்சு ஒரு வொய்ஸ் மெசேஜ் வரும். எழுத்துல எதையும் குடுக்காத ஆள் எதையோ மறைக்கிறாருன்னுதானே அர்த்தம்?"

சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதே விளங்கியது. சனிக்கிழமைக்குள் ரிப்போர்ட் தருவதாக நானா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பகல் பிரதீப் ஹோட்டலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். நாவுலயில் ஒரு புத்தகக் கடையில் நிறுத்தி ஓர் அரிச்சுவடி, பென்சில், அழிரப்பர் வாங்கினார். பிறகு ஒரு வீட்டுக்குப் போனார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் கிடந்தன. ஒரு மணி நேரம் கழித்துத்தான் மனுஷன் வெளியே வந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கேசிலேயே அகப்பட்டுவிட்டான் என்று நானாவுக்குப் போன் போட்டேன்.

"நானா, இந்தாளுக்கு நாவுலயில குடும்பம் இருக்கு. புள்ளைக்கு அரிச்சுவடி வாங்கிட்டுப் போறாரு."

"புள்ள எங்க ஈக்கி? கண்ணால கண்டீங்களா?"

"புள்ளைய காணல. அரிச்சுவடிய கண்டேன்."

"அப்ப அரிச்சுவடிய கண்டேன்னு எழுதுங்க. புள்ளைய காணுற நாளைக்கி புள்ளைய எழுதலாம். அது வரைக்கும் அந்த டீச்சர்கிட்ட வாயத் தொறக்காதீங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கைக்கு வந்த நல்ல கேசை இந்த மனுஷன் கெடுக்கிறாரே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அதே வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மரக்கறிக் கூடையோடு வந்த ஓர் அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன கண்டக்டரய்யா, இன்னைக்கு பஸ் ஓடலியா?" என்றார்.

வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த பிரதீப் திரும்பிப் பார்த்தார். நேராக என்னிடமே வந்தார்.

"அண்ணே, நீங்களா? ஸ்கூல் போற காலத்துல நான் உங்க பஸ்லதானே வருவேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

இனி ஒளிந்து பிரயோசனமில்லை. அவர் கையில் இருந்த அரிச்சுவடியைச் சுட்டிக் காட்டி, "புள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ளைக்கு?" என்றவர், புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தார். "இது எனக்குத்தாண்ணே. நான் படிச்சது சிங்கள ஸ்கூல்ல. தமிழ் பேசுவேன், எழுத்து ஒன்னும் தெரியாது. கட்டிக்கப்போற புள்ள தமிழ் டீச்சரு. அழகழகா எழுதி அனுப்புது. ஹோட்டல் கிச்சன்ல ஒரு அண்ணன்தான் நேரம் கிடைக்கிறப்ப வாசிச்சுக் காட்டுறாரு. இப்ப வர்ற மெசேஜெல்லாம் அவர்கிட்ட காட்டுற மாதிரி இல்ல. அதான் இந்த அக்காகிட்ட டியூஷன் வர்றேன். சின்னப் புள்ளைங்களோட உக்காந்துதான் படிக்கிறேன்."

கொப்பியை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்க 'ழ'. ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

"இது மட்டும் வளையவே மாட்டேங்குது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானா தடுக்காவிட்டால் இவருடைய பரிசத்தை நான் செவ்வாய்க்கிழமையே கெடுத்திருப்பேன்.

சனிக்கிழமை சுகந்தி டீச்சர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மெதுவாக, "அப்ப என் மெசேஜெல்லாம் வாசிச்சது?" என்று கேட்டார்.

"கிச்சன்ல ஒரு அண்ணன்" என்றேன்.

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நானா தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. போகும்போது, "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். இனிமே சின்னச் சின்ன வசனமா, 'ழ' வராம எழுதுறேன்" என்றார்.

3. புதிதாக வருகிறவர்களுக்கு

அன்றிலிருந்து என் நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுகிறேன். இடது பக்கம் கண்டது. வலது பக்கம் நான் நினைத்தது. ரிப்போர்ட்டுக்குப் போவது இடது பக்கம் மட்டும்தான். இந்த வேலைக்கு நீங்கள் எந்த வேலையிலிருந்து வந்தாலும் சரி, முதலில் அந்தக் கோட்டைப் போடப் பழகுங்கள்.

நாலு மாதம் கழித்து எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் மாப்பிள்ளையே தன் கையால் "கண்டக்டர் பழனிவேல் அண்ணன்" என்று எழுதியிருந்தார். 'ழ' மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிது. பேனாவை அழுத்தியதில் அந்த இடத்தில் உறை கொஞ்சம் கிழிந்திருந்தது. என் பெயரை இவ்வளவு பாடுபட்டு வேறு யாரும் எழுதியதில்லை.