நாலாம் நம்பரா, ஏழாம் நம்பரா

கறையண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி, லாண்டரியில் எல்லாருக்கும் அவர் கறையண்ணன்தான். பத்தொன்பது வருஷமாகத் துணி பிரிக்கும் மேசையில் நிற்கிறார். ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாரென்றால், அது எத்தனை நாள் விரித்துக் கிடந்தது, அதில் படுத்தவர் புரண்டாரா, மல்லாந்தே கிடந்தாரா என்று சொல்லிவிடுவார்.

சொல்லிவிடுவார் என்றேனே, தப்பு. வாயே திறக்க மாட்டார். மூட்டைக்குள் பார்த்தது மூட்டையோடு போக வேண்டும், அதுதான் அந்த லாண்டரியின் முதல் விதி. ஊரார் அழுக்கு நம்மை நம்பி வருகிறது, அதை வெளியே உதறினால் தொழில் நாறிவிடும் என்பார் முதலாளி. அதனால் மூட்டைகளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்பது அலுவலகத்துக்குத் தெரியும், வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. மூட்டையில் கட்டும் நம்பர் அட்டைகளை மட்டும் கறையண்ணன்தான் எழுதித் தருவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒன்றோடு குழம்பக் கூடாதென்று ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்.

பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பு முறிந்தவர்களும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குப் போக முடியாமல் தங்கி நடை பழகும் இல்லங்கள் அந்த ஊரில் இரண்டு. இரண்டின் துணியும் இந்த லாண்டரிக்குத்தான் வரும். ஒன்று நாலாம் நம்பர், இன்னொன்று ஏழாம் நம்பர்.

நாலாம் நம்பர் மூட்டை கனக்கும், குப்பென்று நாறும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னண்ணே இது, வீடா சாக்கடையா?" என்பார்கள். ஏழாம் நம்பர் இலேசாக, அடக்கமாக வரும். எல்லாரும் போட்டி போட்டு அதைத்தான் இழுத்துக்கொள்வார்கள். அடப் பாவிகளா என்று கறையண்ணன் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். நாலில் வரும் விரிப்பில் ஈரம் ஒரே திட்டாக இருக்கும். நனைந்த கையோடு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஏழில் வரும் விரிப்பில் வளையத்துக்குள் வளையம் இருக்கும், அதற்குள் இன்னொரு வளையம் இருக்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்த விரிப்பு அது. அதில் கிடந்தவர் எத்தனை தடவை கூப்பிட்டுப் பார்த்தாரோ.

அதைவிடப் பெரிய சாட்சி சாக்ஸ். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸைத்தான் இரண்டு இடத்திலும் மாட்டிவிடுவார்கள். நாலாம் நம்பர் சாக்ஸின் அடி கன்னங்கரேலென்று வரும். ஏழாம் நம்பர் சாக்ஸின் அடி மல்லிகைப் பூவாட்டம் இருக்கும். தரையில் கால் வைத்தால்தானே அழுக்காகும்!

இப்படி இருக்கும்போதுதான் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால் இரண்டும் விழுந்துவிட்டன. வாய் ஓயாத பெண்மணி. "உங்க சாக்ஸைக் கழட்டி வாசல்லயே போடுங்க, ஊரு அழுக்கெல்லாம் வீட்டுக்குள்ள வருது" என்று முப்பது வருஷமாகத் தினம் பாடிய பாட்டு நின்றுபோயிற்று. அந்த மௌனம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"முதல் மூணு மாசம்தான் முக்கியம்" என்றார் டாக்டர். "இப்ப நடக்க வச்சா நடந்துடுவாங்க. படுக்கையிலயே போட்டுட்டா, அப்புறம் அவ்வளவுதான்."

மகள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் அலசிப் பார்த்துத்தான் செய்வாள். இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு இருக்கு. தனி ரூம், பெரிய ஜன்னல். இன்னொண்ணு மஞ்சச் சுவரு வீடு. உள்ள போனாலே பினாயில் வாடை, சுண்ணாம்பு உரிஞ்சு தொங்குது. அம்மாவை அங்க எப்படிப்பா விடறது?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டில் ஒன்று நாலு, ஒன்று ஏழு. எது எது? வண்டி ஓட்டுகிறவரைத் தனியாக இழுத்துக் கேட்டார்.

"அண்ணே, எங்கிட்ட கேக்காதீங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "முதலாளி காதுக்குப் போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார். ஆஸ்பத்திரியில் மதியத்தோடு கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் செய்த ஏற்பாட்டின்படி, மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் மனைவி நேரே இங்கே வந்துவிடுவாள்.

வாசலில் செருப்பையும் ஷூவையும் கழற்றச் சொன்னார்கள். அங்கேயே அவருக்குப் பாதி மனசு நிறைந்துவிட்டது. உள்ளே தரை பளபளத்தது. கைப்பிடிக் கம்பிகள், மீன் தொட்டி, சுவரில் தர மதிப்பீட்டுச் சான்றிதழ். பொறுப்பாளர் அம்மாள் சிரித்த முகத்தோடு ஒவ்வோர் அறையாகக் காட்டினார். பயிற்சிக் கூடத்தில் புத்தம்புது இயந்திரங்கள் வரிசையாக நின்றன. இவ்வளவு இலட்சணமான வீடு நாலாம் நம்பராகத்தான் இருக்கும் என்று கறையண்ணன் முடிவு கட்டிவிட்டார். பத்தொன்பது வருஷம் மூட்டையின் வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தவர்களைக் கண்டு சிரித்த மனுஷன், சுவரின் வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா!

"கையெழுத்துப் போட்டுடலாமாப்பா?" என்றாள் மகள்.

"போடு தாயி, நல்ல இடம்."

மகள் மேசை முன் உட்கார்ந்தாள். மொத்தம் ஆறு தாள்கள். மணி மூன்றாகப் பத்து நிமிஷம். கறையண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடைக்கூடத்தின் கோடிவரை போய்த் திரும்பினார், மறுபடி போனார். அந்தக் கோடியில் ஒரு கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. உள்ளே லாண்டரி மூட்டைகள் கட்டித் தயாராக நின்றன. மூட்டையின் கழுத்தில் அட்டை தொங்கியது.

ஏழு. நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

தன் கையெழுத்தைத் தானே நம்பாமல் கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் எழுதியதேதான். வளையத்துக்குள் வளையம் போட்ட அத்தனை விரிப்புகளும் கண்முன் வந்து நின்றன. அதில் கிடந்தவர்கள் இந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். அவர்கள் வரிசையில் இன்னும் பத்து நிமிஷத்தில் தன் மனைவியும் சேர்ந்துவிடுவாள்.

ஓடினார். நாலாவது தாளில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடாதே. எழுந்திரு."

"அப்பா! என்னப்பா ஆச்சு?"

என்ன சொல்வது? சொன்னால் விதி போச்சு, வேலை போச்சு. சொல்லாவிட்டால் மனைவியின் கால் போச்சு. பொறுப்பாளர் அம்மாள் சிரிப்பு மாறாமல், "ஐயாவுக்கு ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. இங்க இருக்கிறவங்க தினம் நடக்கிறாங்களா?"

"காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. எல்லாம் பதிவேட்டில் இருக்கு, பாக்கறீங்களா?"

"பதிவேடு வேண்டாம். அவங்க சாக்ஸு அடி ஏன் வெள்ளையா இருக்கு?"

அந்த அம்மாள் பெருமையாகவே சொன்னார். "எங்க தரை அப்படி. ஒரு நாளைக்கு மூணு தடவை துடைக்கிறோம். அழுக்கே ஆகாது."

கறையண்ணன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தன் வலக்காலைத் தூக்கி, பாதத்தைத் திருப்பிக் காட்டினார். காலையில் போட்ட வெள்ளைச் சாக்ஸ். அடியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

"நான் உங்க தரையில அரை மணி நேரம்தான் நடந்தேம்மா."

மகள் அந்தச் சாக்ஸைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் வேலை என்னவென்று தெரிந்தவள்தானே. மெல்லப் பேனாவை மூடினாள். பொறுப்பாளர் அம்மாளின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம், அப்புறம் வந்து நிக்காதீங்க" என்று குரலை உயர்த்தினார்.

அதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் மகள் வெடித்தாள். "அப்பா, ஆஸ்பத்திரியில கட்டில் போச்சு. இங்கயும் வேண்டாம்னுட்டோம். இப்ப அம்மாவை நடுத்தெருவுலயா வைக்கிறது?"

"மஞ்சச் சுவருக்குப் போன் போடு."

"அந்த நாத்தம் பிடிச்ச எடத்துக்கா?"

"நாறுதுன்னா மாத்துறாங்கன்னு அர்த்தம். போடு, சொல்றேன்."

அவள் மேலும் கீழும் நடந்து பேசினாள். ஆம்புலன்ஸ்காரர் மணியைப் பார்த்தார், அடுத்த சவாரி காத்திருக்கிறது என்றார். உள்ளே படுத்திருந்த மனைவி புரியாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறையண்ணன் உள்ளே ஏறி அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். தப்பாகச் செய்துவிட்டோமோ, இருந்ததும் போச்சே என்று உள்ளுக்குள் புலம்பினார்.

"ஒரே ஒரு கட்டில் இருக்காம்" என்றாள் மகள். "நாலு பேர் இருக்கிற ரூமாம். மாடிப்படிக்குப் பக்கத்துல. ராத்திரியெல்லாம் சத்தமா இருக்குமாம்."

மனைவி வாயைக் கோணிக்கொண்டு எதையோ சொல்ல முயன்றாள். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"போ... லாம்" என்றாள். "இங்க... உள்ள... ஒரு பேச்சும்... கேக்கல."

மஞ்சள் சுவர் வீட்டில் மீன் தொட்டி இல்லை. சான்றிதழ் இருந்தது, சட்டத்தில் தூசி படிந்திருந்தது. கட்டிலில் மாற்றிய உடனே ஒரு தடித்த நர்ஸம்மா வந்து, யாரையும் கேட்காமல் மனைவியின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைத் திருப்பிப் பார்த்தார். "வழியில நனைச்சிருக்காங்க, முதல்ல துணியை மாத்துவோம்" என்று விரிப்பை உருவினார். எடுத்த விரிப்பை எறிந்த மூட்டையின் அட்டையில் நாலு என்று எழுதியிருந்தது. கறையண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து அப்போதுதான் மூச்சு விட்டார்.

கதை அதோடு முடியவில்லை. இல்லம் நல்லது என்பதால் மட்டும் கால் எழுந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பார். மனைவி கட்டிலிலேயே இருப்பாள். "கொஞ்சம் எழுந்து காட்டேன்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நீங்க... பாத்தா... வராது." நர்ஸம்மாவைக் கேட்டால், "முயற்சி பண்றாங்க" என்பார். அந்த வார்த்தையை வைத்து என்ன செய்வது? நாலாம் நம்பரையே தப்பாகக் கணித்துவிட்டோமோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

அவளுடைய ஆறு ஜோடி சாக்ஸிலும் கணுக்கால் பக்கம் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டிருந்தார். வலக்கால் சாக்ஸுக்கு மட்டும் இரண்டு தையல். செவ்வாயும் வெள்ளியும் நாலாம் நம்பர் வரும். மற்றவர்கள் தொடும் முன்னே அவரே அவிழ்ப்பார். ஒரு தையல் போட்ட சாக்ஸின் அடி கறுத்திருக்கும். இரண்டு தையல் போட்டது வெள்ளையாக இருக்கும். முதல் வாரம் வெள்ளை. இரண்டாவது வாரமும் வெள்ளை. அப்புறம் பெருவிரல் பக்கம் மட்டும் ஒரு கோடு, காலை இழுத்த கோடு, வந்தது. மறுபடி இரண்டு வாரம் வெள்ளை. அந்த வாரங்களில் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை, சாப்பிட்டதும் சாப்பாடாக இல்லை.

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை. மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினார். இரண்டு தையல் போட்டது கிடைத்தது. திருப்பினார்.

குதிகால் கறுப்பு. பாதம் கறுப்பு. ஐந்து விரலும் கறுப்பு.

"என்னண்ணே, போகாத கறையா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"ஆமாய்யா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சாக்ஸை மெஷினில் போடாமல் கையாலேயே கசக்கித் துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது மனைவியின் முகத்தில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. மகள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா கதவோரம் நின்று வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து கமுக்கமாக ஏதோ செய்கிறார்கள் என்று ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

"அங்கயே... நில்லுங்க" என்றாள் மனைவி. கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்தாள், கம்பியை விட்டாள். வலக்காலை எடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "எப்பிடி?" என்றாள். "எதிர்... பாக்கலல்ல?"

மூட்டைக்குள் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதுதானே விதி.

"சத்தியமா எதிர்பாக்கலடி" என்றார் கறையண்ணன்.