சேற்றில் சாய்ந்த ரோபோ

பாதுகாப்புத் துறைப் போட்டிக்காக எங்கள் கல்லூரிக் குழு செய்த ஆளில்லா ராணுவ ரோபோவைக் கொல்லிமலையில் ஓட்டிப் பார்த்தோம். அரியூர் நாடு என்னும் மலைப்பகுதியில், மரவள்ளி எனப்படும் குச்சிக்கிழங்குக் காட்டோரம் அது சேற்றில் சாய்ந்தது. தானாக எழுகிறதா என்று வரப்பில் நின்றபடி, அதன் கேமரா அனுப்பும் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடவுக்கான கிழங்குக் குச்சிகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்தார். ரோபோ குச்சியைத் துப்பாக்கி என்று எண்ணி, அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டமிட்டு ‘எதிரி’ என்று காட்டியது. சிரித்தோம்.

அவர் குச்சிகளைக் கீழே போட்டார். “ஏஞ்சாமி, உளுந்துட்டயா? இரு, தூக்கியுடறேன்” என்று அதை நிமிர்த்தி, முந்தானையால் கேமராவைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகம் திரையில் தெளிவானது. சிவப்புக் கட்டம் மட்டும் போகவில்லை.

துப்பாக்கிக்கும் குச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்தச் ‘சாமி’யை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.