இரண்டு பாத்ரூமுக்கும் ஒரே முகம்

அந்த டைல்ஸ் கடைக்குப் போன யாரும் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டதில்லை. மேட்ச்சக்கா என்றால் போதும், வாசல் காவலாளிகூட மேல் மாடிக்குக் கை காட்டுவார். அவளுடைய வேலை இதுதான்: ஒரு வீட்டில் எத்தனை குளியலறை இருந்தாலும் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவைபோல இருக்கவேண்டும். கீழே கல் நிறம் என்றால் மாடியிலும் கல் நிறம். இங்கே குழாய் பித்தளை என்றால் அங்கே டவல் கம்பி வெள்ளியில் பல்லிளிக்கக் கூடாது. வெள்ளையிலேயே பதினேழு வெள்ளை உண்டு என்பாள். வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மற்ற பதினாறும் எங்கே என்று தேடுவார்கள். ஒரு முறை ஒரு பெரிய வீட்டில் வேலை முடிந்ததும் போய்ப் பார்த்து, எல்லாம் சரி, இந்த நாய்தான் ஒத்துவரவில்லை என்றாளாம். மறுநாளே நாயைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கடையில் சொல்வார்கள். நாயே வெட்கப்பட்டுக் கிளம்பிப் போனதாகத்தான் எனக்குத் தகவல்.

இப்பேர்ப்பட்டவள் குடியிருந்த வீட்டைப் பார்க்கவேண்டுமே. அதில் இரண்டு குளியலறைகள், இரண்டுக்கும் ஏழு ஜென்மத்துப் பகை. முன்னால் படுக்கையறையை ஒட்டி இருந்தது பாசிப் பச்சை, சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு வரிசை மீன் படம் வேறு. பின்னால் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தது செங்கல் சிவப்பு. வீட்டை விற்றுவிட்டுப் போன பழைய சொந்தக்காரர் அமாவாசை இருட்டில் நின்றுகொண்டு டைல்ஸ் வாங்கியிருக்கவேண்டும். மாற்றிவிடலாம் என்று வருஷா வருஷம் நினைப்பாள். மகள் படிப்பு வரும், கல்யாணம் வரும், கூரை ஒழுகும், பச்சையும் சிவப்பும் தப்பித்துக்கொள்ளும்.

புருஷன் பஸ் ஓட்டுநர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாய் மட்டும் பணியில் இருந்தது. பச்சை ஸ்டாப்பில் இறங்கி முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்பார், சிவப்பு ஸ்டாப்பில் கூட்டம், சீக்கிரம் வெளியே வா என்பார். காலையில் எழுந்ததும் இந்தப் பச்சையில் விழிக்க என்ன பாவம் செய்தேனோ என்று அவள் முணுமுணுத்தால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"உனக்கு மேட்ச் ஆகாதது இந்த வீட்ல ரெண்டே ரெண்டு. ஒண்ணு அந்தப் பச்சை, இன்னொண்ணு நான். ரெண்டையும் வச்சுக்கிட்டுதான் நீ காலத்த ஓட்டணும்."

அப்புறம் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு தெருமுனைக் கடைக்குப் போனவரை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள். எத்தனையோ ஊர்களுக்கு வழி தெரிந்த மனிதர், தன் தெருவில் நின்று வழி கேட்டிருக்கிறார். மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: நினைவு இனி ஏறாது, இறங்கிக்கொண்டுதான் போகும், ஆனால் பழகிய வீட்டில் இருக்கிறவரை குளிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் தானாகவே பார்த்துக்கொள்வார். அந்தக் கடைசிப் பேச்சை மேட்ச்சக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலையை விட்டாள். அவர் தன் வீட்டில், தன் கையால் தன் காரியத்தைச் செய்துகொண்டு இருக்கவேண்டும். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் பச்சைக் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் நின்றார். சிவப்பில் குழாயைத் திருகவேண்டும், பச்சையில் கைப்பிடியைத் தூக்கித் திறந்து, கீழே அழுத்தி மூடவேண்டும். அவர் கைப்பிடியைத் திருகு திருகென்று திருகியிருக்கிறார். நகர்ந்து நிற்கவும் தோன்றவில்லை. இவள் ஓடிப்போய் மூடுவதற்குள் தோள் சிவந்துவிட்டது.

தோளுக்கு மருந்து தடவிக்கொண்டே அவள் யோசித்தாள். வாழ்நாள் முழுக்க எப்படி யோசித்துப் பழகினாளோ அப்படித்தான் யோசித்தாள். இரண்டு அறை, இரண்டு விதமான குழாய், இரண்டு பழக்கம். குழப்பத்துக்குக் காரணம் இதுதானே? இரண்டும் ஒன்றுபோல இருந்துவிட்டால் அவர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

மகளுக்குப் போன் போட்டாள். வேலை முடிகிறவரை அப்பாவை உன் வீட்டில் வைத்துக்கொள் என்றாள்.

"இப்பப் போயி வீட்ட இடிக்கணுமாம்மா?" என்றாள் மகள்.

"வீட்ட இடிக்கலடி. அவரைப் போட்டுக் குழப்புறத இடிக்கிறேன்."

ஊருக்கெல்லாம் பொறுக்கிக் கொடுத்தவள் தன் வீட்டுக்கு அப்படிப் பொறுக்கினாள். சுவருக்கு மணல் நிறம், தரைக்கு வழுக்காத சொரசொரப்பு. ஒரே டிசைன் ஆனாலும் வேறு வேறு லாட்டில், அதாவது வேறு வேறு தடவை சுட்டதில், வந்தால் நிறம் ஓர் இழை மாறும் என்று இரண்டு அறைக்கும் ஒரே லாட்டில் எடுத்தாள். இரண்டிலும் தூக்கித் திறக்கிற ஒரே குழாய், ஒரே உயரத்தில் டவல் கம்பி, ஒரே கண்ணாடி, ஒரே பக்கம் ஸ்விட்ச். ஓரிடத்தில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இடுக்கு கொஞ்சம் அகலமாகிவிட்டது என்று டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரியை ஒரு வரிசை முழுக்கப் பெயர்க்க வைத்தாள். பெருமூச்சு விட்டுக்கொண்டே பெயர்த்த அவர், வேலை முடிந்த அன்று இரண்டு அறைக்கும் நடுவே நின்று சொன்னார்:

"அக்கா, கண்ணக் கட்டிக் கூட்டிட்டு வந்து உள்ள விட்டா, எந்த ரூம்ல நிக்கிறோம்னு எனக்கே தெரியாது."

அவள் கேட்ட பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்தார். பின் அறைக்குள் போனார், குழாய்க் கைப்பிடியைத் தூக்கினார், முகம் கழுவினார், மூடினார். கதவுக்கு வெளியே காதை வைத்து நின்றவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் வெளியே வந்து, படுக்கையறை இருக்கவேண்டிய பக்கம் நாலடி நடந்து, சமையலறை மேடையில் இடித்துக்கொண்டார். அடுத்த முறை முன் அறையிலிருந்து வந்து சோற்றுக்குப் படுக்கையறையில் தட்டைத் தேடினார். பிறகு இரண்டு கதவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு கூடத்தின் நடுவில் பஸ்ஸுக்கு நிற்பவர்போல நின்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பச்சை தெரிந்தால் கட்டில் பக்கத்தில். சிவப்பு தெரிந்தால் சோறு பக்கத்தில். அந்த இரண்டு அவலட்சணங்களை வைத்துத்தான் மனிதர் வீடு முழுவதையும் கையில் பிடித்திருந்தார்.

ஒரு மதியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர் அவளிடம் சொன்னார்:

"ரூம் வசதியா இருக்குங்க. தண்ணியும் நல்லா வருது. நாளைக்குக் காலைல வண்டிய எடுத்தா நேரா வீடுதான்."

கிண்டல் பண்ணுகிறார் என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வேலை நாளில் பாதியை அவர் வெளியூர் லாட்ஜுகளில் கழித்தவர். எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே குளியலறை தெரிந்தால் அது லாட்ஜ் அல்லாமல் வேறென்ன? கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார். அன்று முதல் அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. தினமும் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். எப்போது கிளம்பலாம் என்று பணிவாகக் கேட்டார்.

பழைய டைல்ஸ் உடைசல் என்ன ஆயிற்று என்று அவள் மேஸ்திரியிடம் ஓடினாள். எங்கோ பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் கட்டடமே எழும்பிவிட்டது. பழைய கடைக்குப் போய்ப் பாசிப் பச்சை வேண்டும் என்றபோது, மேட்ச்சக்காவா கேட்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிடங்கெல்லாம் துழாவினார்கள். கடைசியில் வீடு இடித்த சாமான் விற்பவரிடம், மீன் இல்லாமல், ஒரு சுவருக்கு மட்டும் கிடைத்தது.

மேஸ்திரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதே பச்சைதான் என்றார்.

"இல்லப்பா. இதுல மஞ்சள் தூக்கலா இருக்கு. அது இன்னும் கறுத்த பச்சை."

"அவருக்குத் தெரியவா போகுதுக்கா?"

முன் அறையில் மணல் நிறத்தை உடைக்கச் சொன்னாள். ஒத்துவராத நிறம் என்று தெரிந்தும் அவள் ஒட்டச் சொன்ன ஒரே சுவர் அதுதான்.

சுவர் காய்ந்ததும் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல நகர்த்தினார்.

"எங்க வீட்லயும் ஒரு பச்ச பாத்ரூம் இருக்குங்க."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. "இதே மாதிரியா?"

"இது இல்ல. அது வேற பச்ச. மீனெல்லாம் இருக்கும்." அவர் சிரித்தார். "என் வீட்டுக்காரிக்கு அதக் கண்டாலே ஆகாது. டைல்ஸ் கடைல பெரிய ஆளு அவ. நீங்க இந்த இடத்தப் பாத்துப் பாத்துப் பண்ணிருக்கீங்க. அவகிட்டக் காட்டணும்."

அவள் டவல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்க தங்கிருக்கேன்னு அவளுக்கு ஒரு வார்த்த சொல்லிவிட முடியுமாங்க? பாவம், தேடிட்டு இருப்பா."

"சொல்லியாச்சுங்க. கெளம்பிட்டாங்களாம்."

அவர் முகம் தெளிந்தது. போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, தலை சீவி, பையை மடியில் வைத்து வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் வந்து, அவங்க வர்ற வரைக்கும் நானும் உட்காரட்டுமா என்று கேட்டாள். தாராளமா உட்காருங்கம்மா என்று அவர் பையை நகர்த்தி இடம் விட்டார்.

இருவருமாக அவளுக்காகக் காத்திருந்தார்கள்.