இரண்டு பௌர்ணமி

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டே, வினோதினி 'வாடகை' என்ற கோப்பிலிருந்து சில வரிகளை வெட்டி 'தேதி' என்ற கோப்பில் ஒட்டுகிறாள். காப்பி ஆறுவதற்குள் அவற்றைத் திரும்ப வாடகைக்கே கொண்டுவருகிறாள். காலையிலிருந்து இதே பிழைப்பு. "பௌர்ணமி ரேட்டுனா அது தேதிங்களா, வாடகைங்களா? எந்த வூட்டுப் புள்ளைங்க இது?" கேட்பது திரையைப் பார்த்து. கம்ப்யூட்டருக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற பெண் அவள்.

கீழ்பென்னாத்தூரில் வயலில் மணிலாக் கடலை போடும் வீட்டில் பிறந்தவள். ரமணாசிரமம் பக்கம், கஸ்தூரியம்மாள் லாட்ஜின் பின்சந்தில் அந்த அம்மாளுக்கே சொந்தமான ஓர் அறையில் தங்கி, அக்கம்பக்கத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் இணையப் பக்கங்கள் எழுதித் தருகிறாள். எல்லாம் ஜாவாஸ்கிரிப்டு. தேதி பார்க்க ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு நிரல் துண்டு, வாடகை போட இன்னொரு ஃபங்ஷன் என்று ஒவ்வொரு லாட்ஜுக்கும் தனித்தனிப் பிரதி வைத்திருந்தாள். ஒன்றில் தப்பு வந்தால் அத்தனையிலும் தேடித் திருத்த வேண்டும். திருத்தினாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

போன வாரம்தான் அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டினாள். தேதி சம்பந்தப்பட்டவை எல்லா லாட்ஜுக்கும் பொதுவாக ஒரு மாட்யூல், வாடகை சம்பந்தப்பட்டவை இன்னொன்று. எந்த லாட்ஜுக்கு எது வேண்டுமோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். "ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிடும்மா, வேல கம்மி," என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டாள். நல்ல யோசனைதான், பாவம்.

அப்பாதுரை லாட்ஜின் பிரதியில், எந்த இரவு பௌர்ணமி என்று சொல்ல, 'பௌர்ணமி' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. கஸ்தூரியம்மாள் பிரதியிலும் அதே பெயரில் ஒன்று. இரட்டை வேலை எதற்கு என்று அப்பாதுரையுடையதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. திதி இரண்டு இரவுகளைத் தொட்டால் அப்பாதுரைக்கு முதல் இரவு பௌர்ணமி, கஸ்தூரியம்மாளுக்கு இரண்டாம் இரவு. ஒரே இரவோடு முடிகிற மாதங்களில் வம்பில்லை. இந்த மாதம் திதி வெள்ளி இரவு பிறந்து சனி இரவு முடிகிறது.

மற்றவர்கள் பௌர்ணமியன்று வாடகையை ஏற்றுவார்கள், கஸ்தூரியம்மாள் அன்று அறையையே வாடகைக்கு விடுவதில்லை. கிரிவலம் வரும் சொந்தக்காரர்களுக்கு என்று பதிவையே மூடிவிடுவார். இப்போது வெள்ளியை மூடிவைத்த பக்கம் சனியை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. காலையில் அந்த அம்மாளே அறை வாசலில் வந்து நின்றார். "நேத்து லாட்ஜே காலியா கெடந்துது. இன்னிக்குப் பூரா யார் யாரோ எடுத்துட்டு இருக்காங்க. சாயங்காலம் எங்க நாத்தனாருங்க வந்துருவாங்க. மலய சுத்திட்டு வந்து எங்க படுப்பாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டேங்கம்மா."

"நீ இந்த ஊர்லதான இருக்கற?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்துதான் இந்த வெட்டலும் ஒட்டலும். ஒரே மாட்யூலில் இரண்டு பௌர்ணமி வைக்கலாமா? லாட்ஜுக்கு ஒன்று என்றால் பழையபடி பிரதிதானே? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டோமோ என்று அழுகை வருகிறது. எதை எங்கே வைத்தாலும் இன்று பதிவான அறை ஒன்றுகூடக் காலியாகப் போவதில்லை. அது மட்டும் அவளுக்குக் குழப்பமில்லாமல் புரிகிறது.

மத்தியானம் இரண்டு கோப்புகளையும் அப்படியே விட்டுவிட்டு அறையைப் பெருக்குகிறாள். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் போகிறாள். கண்ணாடி இன்னும் நெற்றியில்தான் இருக்கிறது. கஸ்தூரியம்மாள் கணக்கு மேசையிலிருந்து நிமிரவில்லை.

"நான் ஊருக்குப் போறேங்கம்மா. என் ரூம்ல நெருக்கிப் படுத்தா நாலு பேரு படுக்கலாம்."

ஊர் வீட்டுச் சாவியும் வண்டிச் சாவியும் சேர்ந்து தொங்கும் கொத்திலிருந்து அறைச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி, மேசைமேல் வைக்கிறாள்.